அடுப்புக்கு மூன்று குடம்

பங்குனி பிறந்துவிட்டால் பாறைக்கொல்லையில் தீர்த்தகிரிக்குத் தூக்கம் கெட்டுவிடும். சேவல் கூவும் நேரத்துக்கு எழுந்து, கம்பளியைப் போர்த்திக்கொண்டு, ஊத்துப் பாறையில் போய் உட்கார்ந்துவிட வேண்டும். ஊர்க்கவுண்டர் பதவியால் அவருக்கு வேறு சுகம் கிடைத்ததோ இல்லையோ, இந்தக் காவல் மட்டும் வருஷம் தவறாமல் கிடைத்தது.

நெல்லிவாசல்நாடு என்கிற மலைப்பகுதியில் ஜீப்பு போய் நிற்கிற கடைசி இடத்திலிருந்து முக்கால் மணி நேரம் ஏறினால் பாறைக்கொல்லை. ஊருக்கு மேற்கே, நாவல் மரத்தடியில், பாறை வெடிப்பிலிருந்து கசிகிற தண்ணீர்தான் ஊத்து. இரவெல்லாம் கசிந்து, கீழே இருக்கும் பாறைக்குழியில் விடிவதற்குள் நிறையும். ஆடு மாட்டுக்கும் துணி துவைக்கவும் ஓடைக் குட்டை இருக்கிறது. பாசி பிடித்த தண்ணீர் என்றாலும் கோடை தாங்கும். குடிக்கவும் சமைக்கவும் ஊத்து ஒன்றுதான். நாலு வருஷத்துக்கு முன்னால் ஊருக்குள் குழாயும் போட்டார்கள், குழாய்க்கு மேலே தொட்டியும் கட்டினார்கள். தொட்டியில் ஏற்றத் தண்ணீர்தான் இல்லை. மற்றபடி ஒரு குறையும் சொல்ல முடியாது.

ஆகவே கோடைக்கு ஊரில் ஒரு கட்டு உண்டு. தண்ணீர், அடுப்புக் கணக்கு. ஒரு அடுப்புக்கு நாலு குடம். அந்த அடுப்பில் இரண்டு பேர் சாப்பிட்டாலும் நாலு, பத்துப் பேர் சாப்பிட்டாலும் நாலு. பையனுக்குத் தனிக்குடித்தனம் வைக்கும்போது ஓடையில் இறங்கி நாலு கல் பொறுக்கி வருவார்கள். மூன்று கல் வீட்டு அடுப்புக்கு, நாலாவது கல் ஊத்துக்கு. முதல் கல்லை ஊர்க்கவுண்டர் தன் கையால் வைக்க வேண்டும். தாய் அடுப்பிலிருந்து நெருப்பெடுத்துப் பற்றவைக்க வேண்டும். பிறகு நாலாவது கல்லைக் கொண்டுபோய் ஊத்துப் பாறையின் விளிம்பில் மற்றக் கற்களோடு வரிசையில் வைத்துவிட்டால் அந்த வீட்டுக்கும் தண்ணீர் உண்டு. காலையில் குடங்கள் நிரம்பியதும் அந்த வீட்டுக் கல்லைக் கவிழ்த்துப் போடுவார்கள். எந்தக் கல் யாருடையது என்று அரை இருட்டிலும் தீர்த்தகிரிக்குத் தெரியும். ஒற்றை ஆளாகக் காலம் தள்ளும் மங்கம்மாளுடையது கரிய உருண்டை. பக்கத்துக் கொல்லைக்காரர் பஞ்சாட்சரத்தினுடையது மூக்குடைந்த கல்.

தீர்த்தகிரி பொறுப்புக்கு வந்தபோது வரிசையில் இருபத்து நாலு கல் இருந்தது. பன்னிரண்டு வருஷத்தில் நாற்பத்தொன்றாகிவிட்டது. நாற்பத்தொரு அடுப்புக்கும் நாலு குடம் கொடுக்க ஊத்துக்குத் தெம்பில்லை. மூன்றாகக் குறைத்தார்கள். சித்திரைக் கடைசியில் அதற்கும் இழுபறிதான்.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் ஜமுனாமரத்தூரில் ஒரு கூட்டத்துக்கு ஊர்ப் பெரியவர்களையெல்லாம் அழைத்திருந்தார்கள். கண்ணாடி போட்ட ஒரு அதிகாரி மேசையில் ஒரு சொம்புத் தண்ணீரை வைத்து, நாலு பேரைக் கூப்பிட்டு ஆளுக்கொரு வாய் குடிக்கச் சொன்னார். பிறகு எட்டுப் பேரைக் கூப்பிட்டார். எட்டாவது ஆள் சொம்பைக் கவிழ்த்துக் காட்டினான், எல்லோரும் சிரித்தார்கள். “சொம்பு வளராது, ஜனம்தான் வளருது. காடும் தாங்காது, தண்ணியும் தாங்காது” என்றார் அதிகாரி. தீர்த்தகிரி சிரிக்கவில்லை. அவர் கண்ணுக்குள் நாற்பத்தொரு கல்லும் வரிசையாக வந்து நின்றன.

ஊர் திரும்பியதும் கூட்டம் போட்டுப் புதுக் கட்டு ஒன்றைக் கொண்டுவந்தார். இனி மூன்று வருஷத்துக்கு ஊரில் புது அடுப்பு கிடையாது. அடுத்தவன் அடுப்பில் போய் ஒட்டிக்கொள்வதும் கிடையாது. அதற்கு இடம் கொடுத்தால் ஒட்டிக்கொண்டவர்களெல்லாம் நாளைக்குத் தனி அடுப்பு வேண்டும் என்பார்கள். ஊத்தைத் தொட்டுச் சத்தியம் செய்தார்கள்.

முதல் அடி பஞ்சாட்சரத்தின் மேல் விழுந்தது. அவருடைய ஒரே பெண் கட்டிக்கொண்டவன் மாமனார் ஊரிலேயே வந்து தங்க ஆசைப்பட்டான். கட்டிக்கொடுத்த பெண் அப்பன் அடுப்பில் சாப்பிடுவது வழக்கமில்லை என்பதால் தனி அடுப்புக் கேட்டார்கள். தீர்த்தகிரி முடியாது என்றார். மங்கம்மாள் அடுப்பில் சேர்ந்துகொள்கிறோம் என்றார்கள். அதுவும் முடியாது என்றார். அந்தப் பெண் புருஷனோடு செங்கல் சூளைக்குப் போய்விட்டாள். அன்று முதல் பஞ்சாட்சரம் ஊத்துக்கு வருவார், குடத்தை நிரப்புவார், தன் மூக்குடைந்த கல்லைத் தானே கவிழ்ப்பார், போவார். கவுண்டரிடம் ஒரு பேச்சு இல்லை.

இப்படி இருக்கும்போதுதான் இந்த மாசிக் கடைசியில் தீர்த்தகிரியின் இளைய மகன் ஆனந்தன் குடகிலிருந்து குடும்பத்தோடு வந்து இறங்கினான்.

ஏழு வருஷமாக அவனும் அவன் பெண்டாட்டி நதியாவும் அங்கே ஒரு காப்பித் தோட்டத்தில் மிளகு பறித்துக்கொண்டிருந்தார்கள். தோட்டம் கைமாறிவிட்டது, புது முதலாளி லைன் வீட்டைக் காலி செய்யச் சொல்லிவிட்டான். பெரிய பெண்ணுக்கு நாலு வயசு, கைக்குழந்தைக்கு எட்டு மாசம். தீர்த்தகிரி வீட்டில் ஏற்கெனவே அவர், மனைவி அம்சவல்லி, மூத்த மகன் ரமேஷ், அவன் மனைவி, மூன்று பிள்ளைகள் என்று ஏழு பேர். நாலும் சேர்ந்து பதினொன்று. அடுப்பு ஒன்று. குடம் மூன்று.

புளி உலுக்குகிற காலம். வந்த மறுநாளே ஆனந்தன் மரமேறிவிட்டான். அவன் உச்சிக்கிளையில் நின்று உலுக்க, கீழே பெண்கள் கூடையோடு பொறுக்கினார்கள். பகலெல்லாம் உலுக்குவது, சாயங்காலம் மரச்சுத்தியால் ஓட்டை உடைத்து, நாரை உரித்து, கொட்டை நீக்குவது. வீட்டு வாசலெல்லாம் புளி வாசம். மத்தியானத்துக்குச் சாமைச் சோறும் மொச்சைக் குழம்பும். நதியா வந்து சேர்ந்ததும் வேலை இரண்டு மடங்கு ஓடியது என்று அம்சவல்லி பெருமைப்பட்டுக்கொண்டாள். வேலைக்குக் கை கூடியது நன்றாகத்தான் இருந்தது. சாப்பாட்டுக்குப் பிறகு கை கழுவத்தான் ஆளாளுக்குக் குடத்தை எட்டிப் பார்த்தார்கள்.

ஒரு நாள் புளி உடைத்துக்கொண்டிருக்கும்போது ஆனந்தன் பேச்சை ஆரம்பித்தான்.

“ப்பா, வூட்டுக்குப் பின்னால நாலு கல்லு எட்த்தாந்து வச்சிருக்கேன். பாத்தியா?”

தீர்த்தகிரி பார்த்திருந்தார். ஒரே அளவில், ஒரே நிறத்தில், ஓடைத் தண்ணீர் வழவழப்பாக்கிய நாலு கல். நல்ல கல்லாகத்தான் தேடி எடுத்திருந்தான்.

“பாத்தேன்.”

“மொதக் கல்ல வச்சிக் குட்த்தீன்னா பக்கத்துலயே ஒரு கொட்டா போட்டுக்குவேன். மேல்கொல்லைல எம் பங்கு கீது. சாமை போட்டுக்கினு, புளியப் பாத்துக்கினு கெடப்பேன். இனிமே எங்கயும் போற மாரி இல்ல.”

“ஊர்க் கட்டு தெரியுமில்ல ஒனக்கு?”

“தெரியும். நீ போட்டதுதானே? நீயே எட்த்துடு.”

“நான் போட்டதுடா. அதனாலதான் என்னால எடுக்க முடியல” என்றார் தீர்த்தகிரி.

அம்சவல்லி சுத்தியைக் கீழே வைத்தாள். “இன்னா பேச்சு பேசற நீ? பெத்த புள்ள வந்து நிக்கறான். மங்கம்மா ஒண்டிக்கட்ட, அவளுக்கு மூணு கொடம். மிச்சத் தண்ணிய மொளகாச் செடிக்கு ஊத்தறா. அவ அடுப்புல இவங்களச் சேத்து வுட்டா இன்னா கொறஞ்சி பூடும்?”

“அதத்தான் பஞ்சாட்சரம் மவளும் கேட்டா.”

“அவ போனா, சரி. அதுக்காவ எம் புள்ளயும் போவணுமா?”

தீர்த்தகிரி ஒரே கொட்டையைத் திரும்பத் திரும்பச் சுத்தியால் தட்டிக்கொண்டிருந்தார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை ஆனந்தன் ஊரைக் கூட்டச் சொன்னான். நாவல் மரத்தடியில் கூடினார்கள். அப்பன் நாட்டாமை, மகன் வழக்காளி. வேடிக்கை பார்க்க ஊர் முழுக்க வந்திருந்தது என்று தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

“தண்ணி இல்ல, தண்ணி இல்லன்னு சொல்லிக்கினு கீறீங்க. கீய வளைவுல காட்டேஜு கட்டி வுட்ருக்கானே, அங்க அறுநூறு அடி போரு. டவுன்லேந்து பத்து பேரு வந்து ஒரு நாள் ஆட்டம் போடற தண்ணில நம்மூரு ஒரு வாரம் பொயச்சிக்கும். அங்க போயி, ஒரு ரூமுக்கு மூணு கொடம்னு சொல்ல ஒரு ஆளுக்கும் வாயி இல்ல. நாங்க நாலு பேரு வந்ததுதான் மலைக்கு பாரமாப் பூட்ச்சா?” என்று ஆனந்தன் கேட்டான்.

“அவங்கிட்ட யாருப்பா போயி பேசறது? கேட்டாண்டயே நாயக் கட்டி வச்சிருக்கான்” என்றது ஒரு குரல்.

ராணியம்மாள் எழுந்தாள். ஊரில் வாய்த்துடுக்குக்குப் பேர்போனவள். “எவன் எத்த எட்த்தாலும் நமக்கு இருக்கறது ஒரே ஊத்து. ஆட்டுக்கு மடியில காம்பு ரெண்டுதான். குட்டி மேல குட்டியாப் போட்டுக்கினு பாலு பத்தலன்னா ஆடு இன்னா பண்ணும்?”

“மூணாவது குட்டி முட்டினாலும் ஆடு எட்டி ஒதைக்காது அத்தே” என்றாள் நதியா, கைக்குழந்தையைத் தோளில் மாற்றிப் போட்டுக்கொண்டே. கூட்டத்தில் சிலர் சிரித்தார்கள். ராணியம்மாளுக்குமே சிரிப்பு வந்துவிட்டது.

தீர்த்தகிரி பஞ்சாட்சரத்தைப் பார்த்தார். ஒரு வருஷமாகப் பேசாதவர், உட்கார்ந்த இடத்திலிருந்தே பேசினார்.

“கவுண்டரு கல்லு வச்சாருன்னா நான் ஏன்னு கேக்க மாட்டேன். ஆனா எம் பொண்ணு கேப்பா. அவளுக்கு நான் இன்னா பதிலு சொல்றதுன்னு மட்டும் கவுண்டரு சொல்லிக் குட்த்துடட்டும்.”

தீர்த்தகிரி ஊத்துப் பக்கம் திரும்பி ஒரு கும்பிடு போட்டார்.

“ஊருக்கு ஒண்ணு, எனக்கு ஒண்ணு கெடையாது. அடுப்பு கெடையாது.”

சொல்லி முடித்ததும் கூட்டம் அவரை ஒரு மாதிரி மரியாதையோடு பார்த்தது. அவருக்கும் நெஞ்சு கொஞ்சம் நிமிர்ந்தது. பிற்பாடு நினைத்துப் பார்க்கும்போதெல்லாம் அவருக்கு அதிகம் கூசியது அந்த நிமிர்வை நினைத்துத்தான்.

அதன் பிறகும் ஆனந்தன் பத்து நாள் இருந்தான். புளி முடியட்டும் என்று இருந்தானோ, அப்பன் மனசு மாறும் என்று இருந்தானோ. வெயில் ஏறிக்கொண்டே போனது. மூங்கில்கூடக் காய்ந்து மஞ்சளாகிவிட்டது. வீட்டில் குடம் மூன்றும் மத்தியானத்துக்குள் அடி தட்டின. அம்சவல்லி களி கிண்டுகிற தண்ணீரை அளந்து ஊற்றினாள். அவள் தண்ணீர் குடிப்பதையே தீர்த்தகிரி சில நாளாகப் பார்க்கவில்லை. கேட்டால், “தாகமே இல்ல” என்றாள். உதடு வெடித்துத் தோல் உரிந்திருந்தது.

ஒரு பகல், கைக்குழந்தைக்குக் காய்ச்சல் அனலாக அடித்தது. நதியா துணியை நனைத்து உடம்பு துடைக்கக் குடத்தருகே போனாள். மூத்த மருமகள் எழுந்து வந்து குடத்தின் வாயில் தன் கையை விரித்து மூடிக்கொண்டாள்.

“இது குடிக்கற தண்ணி. எம் புள்ளைங்க பள்ளிக்கோடத்துலேந்து வந்து எத்தக் குடிக்கும்? தொடைக்கறதுக்கு குட்டைல போயி மொண்டாந்துக்க.”

“பாசித் தண்ணிக்கா. கொயந்த ஒடம்பு.”

“எல்லாம் கொயந்த ஒடம்புதான்.”

அவள் கெட்டவள் இல்லை. வந்த அன்று நதியாவுக்குத் தன் புதுச் சேலையைக் கொடுத்தவள் அவள்தான். தீர்த்தகிரி வாசலில் நின்று எல்லாவற்றையும் பார்த்தார். நதியா அவரை நிமிர்ந்து பார்த்தாள். ஏதாவது சொல்வார் என்று எதிர்பார்த்த பார்வை. அவர் தலையைக் குனிந்துகொண்டு புளி மூட்டைப் பக்கம் நடந்தார்.

இரண்டு நாளில் குழந்தைக்குக் காய்ச்சல் இறங்கியது. மறுநாள் விடியற்காலையில் அவர்கள் புறப்பட்டார்கள். ஆம்பூர்ப் பக்கம் ஒரு தோல் கம்பெனியில் நதியாவின் அக்கா வேலை செய்கிறாள். இரண்டு பேருக்குமே வேலை இருக்கிறதாம். அம்சவல்லி ஒரு பையில் சாமையும் ஒரு பையில் உடைத்த புளியும் கட்டிக் கொடுத்தாள்.

தீர்த்தகிரியால் வழியனுப்ப முடியவில்லை. அவர் ஊத்துப் பாறையில் இருந்தார். வரிசை நின்றுகொண்டிருந்தது. பாதை அந்த வழியாகத்தான் போகிறது. மூட்டை முடிச்சோடு நாலு பேரும் பாறையருகே வந்தபோது இன்னும் ஐந்தாறு கல் கவிழ்க்காமல் இருந்தது. குழியில் தண்ணீர் அடிக்குப் போயிருந்தது.

“போய்ட்டு வர்றோம்ப்பா” என்றான் ஆனந்தன்.

“தாத்தா, தண்ணி” என்றாள் நாலு வயசுக்காரி.

தீர்த்தகிரியின் கண் தானாகக் கற்களுக்குப் போனது. ஒன்று, இரண்டு, மூன்று என்று மனசு எண்ணியது. எல்லாக் கல்லும் கவிழ்கிற வரைக்கும் யாரும் வாய் வைக்கக் கூடாது என்பதும் கட்டுதான். எண்ணி முடித்துக் கை சொம்புக்குப் போவதற்குள் ஒரு மூச்சு நேரம்தான் ஆகியிருக்கும். அதற்குள் நதியா பார்த்துவிட்டாள்.

“கீய ஓடைல குட்ச்சிக்கலாம், வாடி” என்று பிள்ளையின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு இறங்கினாள்.

அவர் சொம்பில் மொண்டு நீட்டியபோது அவர்கள் நாவல் மரத்தைத் தாண்டிவிட்டார்கள். மொண்ட தண்ணீரைத் திரும்பக் குழியிலேயே ஊற்றினார்.

சித்திரை இரண்டாவது வாரம் நர்சம்மா வந்தாள். ரெபேக்காவுக்குச் சொந்த ஊர் போளூர்ப் பக்கம். பன்னிரண்டு வருஷமாக இந்த ஊர்களுக்கு மாசாமாசம் ஊசிப் பெட்டியைத் தோளில் மாட்டிக்கொண்டு ஏறி இறங்குகிறவள். ரெண்டு பிள்ளை போதும் என்று வீடு வீடாகச் சொல்லிச் சொல்லியே தொண்டை கட்டிப்போனவள். தீர்த்தகிரி வீட்டு வாசலில் உட்கார்ந்து தன் பெரிய நோட்டைப் பிரித்தாள்.

“ஆனந்தன் கொழந்தைக்கு ஒம்பதாம் மாச ஊசி போடணுமே, எங்கங்க?”

“பூட்டாங்க நர்சம்மா” என்றுவிட்டு அம்சவல்லி உள்ளே போய்விட்டாள்.

ரெபேக்கா தீர்த்தகிரியைப் பார்த்தாள். அவர் நடந்ததைச் சொன்னார். சொல்லும்போது கடைசியில் தனக்கே சமாதானமாக ஒன்றைச் சேர்த்துக்கொண்டார்: “இன்னா பண்றதும்மா, நீயும் எத்தினி வருசமா சொல்லிக்கினு கீற. ஜனம் பெருகிப் போச்சு. ஊரு ஒண்ணுக்கு ரெண்டாப் பூட்ச்சு. ஊத்து தாங்கல.”

ரெபேக்கா பேனாவைக் கீழே வைத்தாள்.

“யாருங்க சொன்னது ஊரு ரெண்டாச்சுன்னு?”

“நாந்தான் பாக்கறனே. இருவத்தி நாலு கல்லு நாப்பத்தொண்ணாச்சே.”

“கவுண்டரே, நான் மொதல்ல வந்த வருஷம் உங்க ஊர்ல தலை நூத்தித் தொண்ணூத்தி மூணு. இந்த நோட்டுலதான் இருக்கு.” அவள் பழைய பக்கத்தைத் தள்ளிக் காட்டினாள். “போன மாசம் நூத்தி எழுபத்தெட்டு. அதுவும் ஆனந்தன் குடும்பத்தையும் சேத்து. வயசானவங்க போனாங்க, கேரளாவுக்கும் குடகுக்கும் போனவங்க திரும்பல, மிச்சம் இருக்கறவங்க ரெண்டோட நிறுத்திக்கிட்டாங்க. நான் சொன்னத மலையில கேட்ட ஊரு ஒண்ணு உண்டுன்னா அது உங்க ஊருதாங்க.”

தீர்த்தகிரிக்குப் புரியவில்லை. “அப்ப கல்லு எப்பிடிம்மா ஏறுச்சு?”

“அடுப்புக்கு நாலு கொடம்னு வச்சீங்க. ஒரே அடுப்புல இருந்தா நாலு, ரெண்டாப் பிரிஞ்சா எட்டு. அப்பனும் புள்ளையும் பிரிஞ்சாங்க, அண்ணனும் தம்பியும் பிரிஞ்சாங்க. ஊரு பெருகலிங்க. அடுப்புதான் பெருகிச்சு.” நோட்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டே சொன்னாள்: “உங்களுக்குத் தெரியும்னுதாங்க நெனச்சேன். மாசாமாசம் இந்த வாசல்ல ஒக்காந்துதானே எழுதறேன்.”

மாசாமாசம் அந்த வாசலில்தான் எழுதினாள். மோர் கொடுப்பார்கள், குடித்துவிட்டு நோட்டை மூடிக்கொண்டு போவாள். உள்ளே என்ன எழுதியிருக்கிறது என்று ஒரு நாளும் அவர் கேட்டதில்லை. ஊத்தில் வரிசை நீண்டது கண்ணுக்குத் தெரிந்தது. வீட்டுக்குள்ளே பாய் குறைந்தது கண்ணுக்குத் தெரியவில்லை. சொம்பைக் காட்டிய அதிகாரியை நம்பினார். தன் ஊர்த் தலையை எண்ணிப் பார்க்கத் தோன்றவில்லை. கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம் என்பார்களே, அது தனக்காகவே சொல்லிவைத்த சொல்லாக அவருக்குப் பட்டது.

ரெபேக்கா நோட்டில் நாலு பெயரை ஒரு கோடு போட்டு அடித்தாள். அந்தப் பேனா ஓடிய சத்தம் அவருக்குக் கேட்டது.

சாயங்காலம் சிக்னல் கிடைக்கிற பாறைக்கு ஏறிப்போய் ரமேஷின் போனில் கூப்பிட்டார். ஆனந்தன் வேலையில் இருந்தான். நதியா எடுத்தாள்.

“நாந்தாம்மா. கட்ட மாத்தப் போறேன். தலைக் கணக்கு வைக்கப் போறேன். வந்துடுங்க. கல்லு நானே வைக்கறேன்.”

அந்தப் பக்கம் தண்ணீர் லாரியின் சத்தமும் பெண்கள் சண்டை போடுகிற சத்தமும் கேட்டது.

“பாப்பாவ பால்வாடில சேத்துட்டோம் மாமா. ரூமும் புட்ச்சிட்டோம். இங்கயும் தண்ணிக்கு அடிதான், இல்லேன்னு சொல்ல மாட்டேன். ஆனா இங்க கொடத்த மூடற கை யாரு கையின்னு எனக்குத் தெரியாது. அது கொஞ்சம் தேவல.” குரலில் கோபம் இல்லை. “அத்தையத் தண்ணி குடிக்கச் சொல்லுங்க. நாங்க இருந்த வரைக்கும் குடிக்கவே இல்ல” என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டாள்.

ஊர் கூடியது. தீர்த்தகிரி எல்லாவற்றையும் மறைக்காமல் சொன்னார். தான் எண்ணியது தப்பு என்றார். இனி இரண்டு தலைக்கு ஒரு குடம், இருபத்து நாலு கல் இருந்த நாளில் கிடைத்த அளவு. ஒவ்வொரு வீடும் தலைக்கு ஒரு புளியங்கொட்டை வீதம் கொண்டுவந்து கொடுக்க வேண்டும். எண்ணிப் பார்த்து அந்த அளவுக்குத் தண்ணீர். கற்கள் வேண்டாம். யாரும் எதிர்த்துப் பேசவில்லை. மங்கம்மாள் மட்டும், “எம் மொளகாச் செடிதான் செத்துது போ” என்றாள்.

மறுநாள் விடியலில் பாறையின் மேல் ஒரு தகர டப்பாவை வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். ஒவ்வொருத்தராக வந்து கொட்டைகளை அவர் கையில் கொடுத்தார்கள். மங்கம்மாள் ஒன்று. ராணியம்மாள் ஆறு. பஞ்சாட்சரம் இரண்டு, கொடுத்துவிட்டுத் தன் வெறுங்கையை ஒரு தடவை பார்த்துக்கொண்டார். தீர்த்தகிரி எண்ணி டப்பாவில் போட்டார்.

அம்சவல்லி வந்தாள். முந்தானையில் முடிந்து வைத்திருந்ததை அவிழ்த்து அவர் உள்ளங்கையில் கொட்டினாள்.

அவர் எண்ணினார். பதினொன்று இருந்தது.

“ஏழுதானே” என்றார், அவளுக்கு மட்டும் கேட்கிற மாதிரி.

“எனக்கு பதினொண்ணு” என்றாள் அம்சவல்லி, ஊருக்கே கேட்கிற மாதிரி. “ஒனக்கு ஏழுன்னா நீயே பொறுக்கி எடு. நீதானே எட்த்த.”

வரிசை அப்படியே நின்றது. பஞ்சாட்சரம்தான் பேசினார்.

“வுடுங்க கவுண்டரே. கெடக்கட்டும்.”

ஒரு வருஷத்துக்குப் பிறகு அவர் தீர்த்தகிரியோடு நேராகப் பேசிய முதல் பேச்சு அது. கிடக்கட்டும் என்று விட்டிருக்கலாம். யாரும் ஒன்றும் சொல்லியிருக்க மாட்டார்கள். ஆனால் இல்லாத பிள்ளைகளை இருப்பதாக எழுதி யாரை ஏமாற்றுவது? தீர்த்தகிரி விரலால் தள்ளித் தள்ளி நாலு கொட்டையை ஒதுக்கினார். இரண்டு பெரியது, இரண்டு சின்னது. அம்சவல்லி அளவு பார்த்தே எடுத்து வந்திருந்தாள். ஏழை டப்பாவில் போட்டார். நாலும் அவர் கையிலேயே இருந்தன.

வரிசை தீர்ந்தது. பொழுது மரத்துக்கு மேலே வந்தது. கடைசிக் குடமும் போன பிறகு அவர் வழக்கம்போலக் குழியை எட்டிப் பார்த்தார். சித்திரையில் அந்த நேரத்துக்கு அடிப்பாறை தெரிய வேண்டும். தெரியவில்லை. முழங்கால் அளவுக்குத் தண்ணீர் நின்றது. முப்பது குடமாவது தேறும். நாவல் இலை ஒன்று அதில் மிதந்துகொண்டிருந்தது.

மகன் குடும்பத்துக்கு இரண்டு குடம். பஞ்சாட்சரம் மகளுக்கு ஒரு குடம். அதற்கு மேலும் எத்தனையோ குடம்.

அம்சவல்லி போகாமல் நின்றிருந்தாள். அவள் தண்ணீரைப் பார்த்தாள், அவரைப் பார்க்கவில்லை. இடுப்பில் குடத்தை ஏற்றிக்கொண்டு நடந்தாள்.

தீர்த்தகிரி சொம்பில் ஒரு வாய் மொண்டு கையில் வைத்துக்கொண்டு, நாலு பேரும் இறங்கிப்போன பாதையைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். அன்றைக்குக் கவிழ்க்க வேண்டிய கல் ஒன்றும் இல்லை. தண்ணீர் கேட்பதற்குத்தான் ஆள் இல்லை.